அழிந்த பேரேடும் மீண்ட பேரேடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சுவையை எடுத்துரைப்பதே வழக்கம். இவ்வாண்டு நூலகக் குழுவினராகிய எங்களுக்கு இடப்பட்ட பணி வேறு. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு கணினியிலிருந்து அழிந்துபோன செய்தி உங்களுள் பலருக்குத் தெரியும். அது எவ்வாறு அழிந்தது, எவ்வளவு மீண்டது, எது மீளவில்லை என்பதைச் சபையோர் முன் கணக்கொப்பிக்குமாறு செயற்குழு பணித்தது. அத்துடன், இத்தகைய அழிவுகள் எவ்வாறு நேர்கின்றன, அழிந்ததை மீட்கும் வழி யாது என்பதையும் எங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்ல முற்படுகிறோம்.

பதிவேடு என்றால் வெறும் முகவரிப் பட்டியல்தானே என்று சிலர் எண்ணலாம். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, வேற்றுமொழி வழங்கும் இடத்தில் குடியிருப்பு அமைத்து வாழும் நமக்கு அது அவ்வளவில் நிற்பதன்று. எந்தக் குவார்ட்டர்ஸில் யார் இருக்கின்றனர், நள்ளிரவில் உடல் நலம் குன்றினால் யாரை அழைக்க வேண்டும், ஈமச் சடங்கு நிதிக்குச் சந்தா செலுத்தியவர் யார், தமிழ் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் எவர் என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரிய பக்கத்தில் ‘சொந்த ஊரும் வந்த வரலாறும்’ என ஒரு பகுதியும் இருந்தது. முதியோர் வாய்மொழியைக் கேட்டு நம் இளைஞர்கள் அதனை நிரப்பி வந்தனர்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், பணி மாற்றமும் ஓய்வும் பெற்றுக் குடியிருப்பை விட்டுச் சென்ற குடும்பங்களின் பெயர்களை நீக்கும் வேலையை நம் இளைஞர் ஒருவர் மேற்கொண்டார். ‘இன்ன இன்னோரை நீக்குக’ என்று கணினிக்குக் கட்டளையிட வேண்டும். அவர் ‘நீக்குக’ என்ற சொல்லை எழுதினார். ‘இன்ன இன்னோரை’ என்னும் நிபந்தனையை எழுத மறந்து பொத்தானை அழுத்தினார். கணினி ஏன் என்று கேட்கவில்லை. கண்ணிமைப்பதற்குள் எல்லாக் குடும்பங்களையும் நீக்கிவிட்டுப் பணி முடிந்தது என்று அறிவித்தது.

இனி நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள, கணினியிலுள்ள பதிவேடு எத்தகையது என்பதைச் சற்று அறிதல் வேண்டும். அதனைத் தரவுத்தளம் என்றும், ஆங்கிலச் சொல்லாலேயே டேட்டாபேஸ் என்றும் வழங்குகின்றனர். செய்திகளை வரியும் கட்டமுமாக அட்டவணைகளில் அமைத்து, அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தார். வங்கிக் கணக்கு, இரயில் முன்பதிவு, மருத்துவமனைக் குறிப்பு முதலிய பலவும் இன்று பெரும்பாலும் அம்முறையில்தான் காக்கப்படுகின்றன.

நம் ஊர்க் கடைகளில் கணக்கு எழுதிய முறையை மூத்தோர் நன்கறிவர். அன்றாட வரவு செலவு நடந்தது நடந்தபடியே முதலில் சிட்டையில் ஏறும். பின்னர் அவரவர் பெயரிலுள்ள பற்றும் வரவும் பேரேட்டிற்குச் செல்லும். ஒருவருடைய நிலுவை எவ்வளவு என்று பார்க்கப் பேரேடே போதும். ஆனால் பேரேடு தீப்பட்டோ கரையான் அரித்தோ அழிந்துவிட்டால் கணக்கர் கலங்கமாட்டார். சென்ற ஆண்டு முடிவில் எடுத்து வைத்த இருப்புக் கணக்கும், அதன் பின் எழுதிய சிட்டையும் கையில் இருந்தால், வரி வரியாக ஏற்றிப் புதிய பேரேட்டை எழுதிவிடுவார்.

பெரிய தரவுத்தளங்கள் யாவும் இவ்விரு ஏடுகளையும் உடையன. நாம் திரையில் காண்பது பேரேடு. உள்ளே மறைவாக ஒரு சிட்டையும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. சிட்டையில் எழுதி முடித்த பின்னரே பேரேட்டில் கைவைக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றாலும், மீண்டும் வந்தவுடன் கணினி சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்கிறது. இத்துறையின் அடிப்படைகளை நாட்டிய ஜிம் கிரே என்பவர்க்கு 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பெற்றது.

அழிந்ததை மீட்கும் செவ்விய வழி இதனாலேயே பிறக்கிறது. பழைய முழு நகல் ஒன்றை வேறொரு கணினியில் விரிக்க வேண்டும். அந்நகல் எடுத்த நாள்முதல் எழுதப்பட்ட சிட்டையை அதன்மேல் ஏற்றிக்கொண்டே வர வேண்டும். தவறான கட்டளை இடப்பட்ட கணத்திற்குச் சற்று முன்னதாக நிறுத்திவிட வேண்டும். மாலை 5 மணிக்குப் பதிவேடு அழிந்ததென்றால், 4 மணி 59 நிமிடத்தில் அது இருந்த கோலத்தில் மீண்டும் நம் கண்முன் நிற்கும். போஸ்ட்கிரெஸ், மைசீக்வல், ஆரக்கிள் முதலிய எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு. ஆயினும் முழு நகல், அறாத சிட்டை ஆகிய இரண்டும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் அவ்வழி அடைபடும்.

இரண்டும் இல்லாதபோதும் ஒரு சிறு நம்பிக்கை உண்டு. போஸ்ட்கிரெஸில் ஒரு வரியை நீக்கினால் அது அக்கணமே மறைவதில்லை. கணக்கர் ஒரு வரியைக் குறுக்கே கோடிட்டு அடிப்பது போல, ‘இது செல்லாது’ என்ற குறி மட்டும் இடப்படுகிறது. துப்புரவுப் பணி வந்து அவ்விடத்தை விடுவித்து, வேறு செய்தி அதன்மேல் எழுதப்படும் வரையில் பழைய எழுத்து அடியில் கிடக்கும். காந்தத் தட்டில் ஒரு கோப்பை அழித்தாலும் பெரும்பாலும் அவ்வாறே. பொருளடக்கத்திலிருந்து பெயர் நீங்குகிறது, பக்கங்கள் உடனே நீங்குவதில்லை. இக்காலத்து எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்களில், அழித்த இடத்தைக் கருவியே விரைவில் துடைத்துவிடுவதுண்டு. அங்கே இந்நம்பிக்கை குறைவு.

ஆகவே, தவறு நேர்ந்தவுடன் செய்ய வேண்டிய முதற் செயல் ஒன்றும் செய்யாதிருத்தலே. புதிதாக எதனையும் எழுதக் கூடாது. மற்றவர்கள் எழுதாதபடியும் தடுக்க வேண்டும். உள்ளதை உள்ளபடியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மீட்கும் முயற்சிகளை அந்நகலின்மேல் செய்ய வேண்டும். நம் இளைஞர் தம் பிழையை உணர்ந்ததும் கையை எடுத்துவிட்டார். அடுத்த வீட்டிலிருந்த எங்களிடம் ஓடிவந்து உள்ளதை ஒளியாமல் சொன்னார். அவர் செய்தது முற்றிலும் சரி. அதன்பின் நாங்கள் செய்ததே தவறு. பதற்றத்தில் நாங்கள் அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, அதே கணினியில் புதிதாக நிறுவினோம். நிறுவினால் பழையபடி வந்துவிடும் என்று எண்ணினோம். அடியில் கிடந்த பழைய எழுத்துகளின்மேல் புதிய எழுத்துகளை எங்கள் கையாலேயே எழுதிவிட்டோம். சிட்டையையாவது பார்க்கலாம் என்றால், இடம் அடைக்கிறது என்று கருதி அதைச் சேமித்து வைக்கும் ஏற்பாட்டை ஓராண்டுக்கு முன்னரே நிறுத்தியிருந்தோம்.

எஞ்சியது வாரந்தோறும் எடுத்த நகல். ஞாயிறு இரவுதோறும் கணினி தானே ஒரு நகலைப் பென்டிரைவில் எழுதிவந்தது; பென்டிரைவ் நூலக அலமாரியில் பத்திரமாக இருந்தது. எடுத்துப் பார்த்தோம். வரிசையாகத் தேதியிட்ட கோப்புகள் இருந்தன. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சித்திரை மாதத்தில் கணினியின் கடவுச்சொல்லை மாற்றியபோது, நகலெடுக்கும் நிரலில் மாற்ற மறந்திருக்கிறோம். அன்றுமுதல் அது வாரந்தோறும் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கிப் பெயரிட்டு வைத்திருக்கிறது. பெட்டி நிறைந்திருந்தது, பெட்டிக்குள் பொருள் இல்லை. சித்திரைக்கு முன் எடுத்த நகல் ஒன்றே நல்லதாக வாய்த்தது.

இத்தகைய குறை எங்களைப் போன்ற பழக்கமற்றவர்க்கே நேரும் என்று எண்ணலாகாது. தொழில் வல்லோர்க்கும் இது நேர்ந்திருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேர்த்துவைத்துக் கூட்டாகப் பணிபுரிய இடந்தரும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் நடந்ததை அந்நிறுவனமே உலகறிய எழுதி வெளியிட்டுள்ளது.

அங்கே முதன்மைக் கணினி ஒன்றும், அதனைப் பின்பற்றி நடக்கும் துணைக் கணினி ஒன்றும் இருந்தன. அன்றிரவு சுமை மிகுந்து துணைக் கணினி பின்தங்கிவிட்டது. அதிலுள்ளதை அழித்துவிட்டு முதன்மையிலிருந்து புதிதாக நகலெடுக்க முனைந்தார் ஒரு பொறியாளர். நெடுநேரம் உழைத்த களைப்பில், துணைக் கணினி என்று எண்ணி முதன்மைக் கணினியில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவுள்ள செய்திகளில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியது.

உடனே காப்பு நகல்களைத் தேடினர். நாள்தோறும் நகலெடுக்கும் ஏற்பாடு இருந்தது. அந்நகல்கள் சேரவேண்டிய இடமோ வெறுமையாயிருந்தது. தரவுத்தளம் 9.6 என்னும் பதிப்பாகவும், நகலெடுக்கும் கருவி 9.2 என்னும் பழைய பதிப்பாகவும் இருந்தமையால் ஒவ்வொரு முறையும் வேலை தடைப்பட்டிருக்கிறது. தடைப்பட்டதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய அடையாளம் இன்மையால் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டன. எனவே ஒருவர்க்கும் தெரியவில்லை. வட்டின் படப்பிடிப்பு நகல் எடுக்கும் ஏற்பாடு தரவுத்தளக் கணினிகளுக்கு அமைக்கப்படவே இல்லை. துணைக் கணினியோ முன்னரே துடைக்கப்பட்டிருந்தது. ஐந்து வகைப் பாதுகாப்பு உண்டென்று நம்பியிருந்தவர்கள், அவற்றுள் ஒன்றும் நம்பத்தக்கதாக இல்லை என்பதை அவ்விரவில் அறிந்தனர்.

அவர்களைக் காத்தது தற்செயல். அழிவுக்கு ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன், வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் தம் கையால் எடுத்து வைத்த நகல் ஒன்று இருந்தது. அதனை மெதுவான வட்டுகளிலிருந்து பெயர்த்து எடுக்கவே 18 மணி நேரம் அளவில் ஆயிற்று. சேமித்து வைத்த நிரல்களுக்குச் சேதமில்லை. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டக் குறிப்புகளும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சியில் நாம் போற்றத்தக்க ஒன்றும் உண்டு. அவர்கள் தம் குறையை மூடி மறைக்கவில்லை. மீட்கும் வேலையை நேரலையில் காட்டினர், ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தனர். பின்னர் எழுதிய அறிக்கையில், அழித்த பொறியாளரின் பெயரைச் சுட்டிப் பழி கூறாமல், அத்தவறு இத்துணைப் பெரிய அழிவாக வளர ஏற்பாட்டில் இருந்த ஓட்டைகள் எவை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். களைத்த கை ஒருநாள் தவறும். தவறினால் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாதிருந்தது கையின் குற்றமன்று.

துணைக் கணினி பற்றி ஒரு சொல். உடனுக்குடன் நகலாகும் மற்றொரு கணினி இருந்தால் போதுமே என்று பலரும் கருதுகின்றனர். அது நிழலைப் போன்றது. முதற் கணினி பழுதானால் அது கைகொடுக்கும். ஆனால் முதற் கணினியில் தவறாக ஒன்றை அழித்தால், அவ்வழிவும் அடுத்த கணமே அங்கு நகலாகிவிடும். ஆள் விழுந்தால் நிழல் நிற்குமா? காப்பு நகல் என்பது காலத்தால் பின்தங்கியதாகவும், இடத்தால் விலகியதாகவும் இருத்தல் வேண்டும்.

இடத்தால் விலகியிருந்த நகல் ஒன்று ஒரு திரைப்படத்தைக் காத்த கதையை இங்குள்ள குழந்தைகள் விரும்புவர். அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தை 1998ஆம் ஆண்டில் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழிந்தது. காப்பு நகலும் கெட்டிருந்தது. படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளரான கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், குழந்தைப் பேற்றை ஒட்டி வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் நகலொன்றைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையால் சுற்றி, கைக்குழந்தையைக் கொணர்வது போலக் காரில் வைத்து அலுவலகத்திற்குக் கொண்டுவந்தனர். படம் 1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது.

தமிழர்க்கு இவ்வுண்மை புதியதன்று. ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு. படியெடுப்பவர் இருந்தவரையில்தான் நூல் வாழ்ந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடினார். ஓர் ஊரில் செல்லரித்த இடத்தை மற்றோர் ஊரின் சுவடி நிரப்பியது. அவ்வாறு ஒப்புநோக்கியே சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். ஆனால் வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் முழுச் சுவடி ஒன்றும் கிட்டவில்லை. பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட சில செய்யுட்களே இன்று நம்மிடம் உள்ளன. படி இருந்த நூல் மீண்டது. படி இல்லாத நூல் பெயரளவில் நின்றது.

இனி எங்கள் கணக்கை முடிக்கிறோம். சித்திரைக்கு முந்தைய நகலை வேறொரு கணினியில் விரித்தோம். அதன்பின் கடந்த மூன்று மாதச் செய்திகளுக்குச் சிட்டை வேண்டுமே! கணினியின் சிட்டை இல்லை. நம் சங்கத்தின் பழைய காகிதச் சிட்டைகள் இருந்தன. பொருளாளர் ஐயா எக்காரணங்கொண்டும் கைவிடாத ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளிலிருந்து சந்தாக் கணக்கு மீண்டது. நூல் வழங்கும் நோட்டுப் புத்தகத்திலிருந்து நூலகக் கணக்கு மீண்டது. தமிழ் வகுப்பு ஆசிரியை அம்மாவின் வருகைப் பதிவிலிருந்து குழந்தைகளின் பெயர்கள் மீண்டன. எஞ்சியவற்றிற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகச் சென்றோம். ஒவ்வொரு வீட்டிலும் எங்கள் பிழையை முதலில் கூறி, பின்னரே விவரம் கேட்டோம். எவ்வீட்டிலும் கடிந்துரைத்தார் இல்லை. காபி கொடுத்தே அனுப்பினர்.

மீளாதது ஒன்று. அம்மூன்று மாதங்களில் முதியோர் சிலரிடம் கேட்டெழுதிய ‘சொந்த ஊரும் வந்த வரலாறும்’ என்னும் பகுதிக்கு ரசீது இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை. மற்றவர்களிடம் மறுமுறை சென்று கேட்டு எழுதினோம். ஒரு பாட்டியிடம் மட்டும் கேட்க இயலவில்லை. அவர் ஆடி பிறப்பதற்கு முன்னரே இறைவனடி சேர்ந்துவிட்டார். இந்நகருக்கு வந்து இறங்கிய முதல் நாளைப் பற்றி அவர் நெடுநேரம் சொன்னதாக, எழுதிய இளைஞருக்கு நினைவிருக்கிறது. சொன்ன சொற்கள் நினைவில்லை. அவர்தம் மக்கள் இவ்வவையில் இருக்கின்றனர். அவர்களிடம் நாங்கள் மன்னிப்புக் கோருகிறோம்.

இனி இவ்வாறு நேராதிருக்கச் செயற்குழு சில முறைகளை ஏற்றுள்ளது. நீக்கும் கட்டளை எதனையும், முதலில் ‘இன்னவற்றைக் காட்டுக’ என்று கேட்டு, வந்த பெயர்களை இருவர் படித்துப் பார்த்த பின்னரே இடுவது. அதுவும், உறுதிசெய்யும் வரையில் திரும்பப்பெறக் கூடிய முறையில் இடுவது. சிட்டையை ஒருபோதும் நிறுத்தாதிருப்பது. பதிவேட்டிற்கு மூன்று படிகள் வைப்பது. இரு வேறு வகைக் கருவிகளில் வைப்பது. அவற்றுள் ஒன்றை வேற்றூரில் இருக்கும் உறுப்பினர் வீட்டில் வைப்பது.

யாவற்றினும் முதன்மையானது மற்றொன்று. ஆண்டிற்கு நான்கு முறை, படியெடுத்த பென்டிரைவை வெற்றுக் கணினி ஒன்றில் விரித்து, உறுப்பினர் முன்னிலையில் சில பக்கங்களைப் படித்துக் காட்டுவது. படி இருக்கிறது என்பது நம்பிக்கை. படியிலிருந்து பதிவேடு மீள்கிறது என்பதைக் கண்ட பின்னரே அது காப்பாகும். எங்கள் பென்டிரைவிலும் கிட்லேப் நிறுவனத்திலும் தவறியது இச்சோதனையே. மீட்கும் வேலை அழிந்த பின் தொடங்குவதன்று. அழிவதற்கு முன், ஒன்றும் நேராத அமைதியான நாளொன்றில் செய்து முடிக்க வேண்டியது அது.

இச்சோதனைகளில் முதலாவது இன்று, இம்மண்டபத்தின் பின்புறமுள்ள நூலக அறையில் நடைபெறும். அதனை நடத்துபவர் அன்று கட்டளையிட்ட அதே இளைஞர். அவரையன்றி அப்பொறுப்புக்கு உரியவர் வேறெவரும் இலர் என்று நாங்கள் ஒருமனதாகக் கருதினோம். அன்பர்கள் உணவுக்குச் செல்லுமுன் அவ்வறைக்கு வந்து, தத்தம் குடும்பத்தின் பக்கத்தைப் பார்த்துப் பிழை இருந்தால் திருத்தித் தருமாறு வேண்டுகிறோம். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒருவரும், எழுதியதை அன்றே அச்சிட்டு அவர்கள் கையில் ஒரு படி கொடுக்க ஒருவரும் அங்கே காத்திருப்பர்.